சக்கரத்தில் கை வைக்கும் முன்

எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் டயர் கடையில் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். நல்லது கண்ணு. பஞ்சர் ஒட்டுவதும் வீல் நட் முடுக்குவதும் சில மாதத்தில் கைக்கு வந்துவிடும். பெரிய டயர் போடு, அகல டிஸ்க் மாட்டு என்று வருகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் பழக நாளாகும். வியாசர்பாடியில் இதே தொழிலில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. டயரின் விலாவில் இருப்பதை வாய்விட்டுப் படி. 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ., விலா உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, டிஸ்க் 15 அங்குலம். கணக்குப் போட்டால் மொத்த உயரம் 621.5 மி.மீ. எனக்குத் தொழில் சொல்லித்தந்த மேஸ்திரிக்கு எழுத்து தெரியாது. டயரில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. வண்டியை ஒரு சுற்று தள்ளச் சொல்லி, தரையில் டேப் பிடிப்பார். அவர் அளவு ஒருநாளும் தப்பியதில்லை. ‘பார்த்தாலே தெரியும்ணே’ என்கிற பேச்சு உன் வாயில் வரவேண்டாம்.

2. ஸ்பீடாமீட்டர் சாலையைப் பார்ப்பதில்லை, சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று கம்பெனி வைத்த கணக்கை நீ மாற்றினால் அதற்குத் தெரியாது. அதே டிஸ்கில் 205/65 போட்டால் உயரம் 647.5 மி.மீ. ஆகிவிடும், நான்கு விழுக்காடு அதிகம். முள் 80 காட்டும்போது வண்டி 83-ஐத் தாண்டியிருக்கும். மீட்டரில் 1,000 கி.மீ. ஓடியிருந்தால் சாலையில் 1,042. மீட்டர் சற்றுக் கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்துக்குக் கீழே காட்டக்கூடாது என்பது ஐ.நா. விதி 39. பெரிய டயர் போட்டு அந்தச் சலுகையை நாம்தான் தின்று தீர்க்கிறோம். புது டயரில் 8 மி.மீ. இருக்கும் பட்டன் 1.6-க்குத் தேய்ந்தால் உயரம் 13 மி.மீ. குறையும், அப்போது மீட்டர் கூட்டிச் சொல்லும். ஆகவே யாருக்கும் ‘மீட்டர் துல்லியமா இருக்கும் சார்’ என்று வாக்குக் கொடுக்காதே.

3. அகலத்தையோ டிஸ்கையோ கூட்டினால் விலாவைக் குறை. ஸ்விஃப்ட் காரைப் பார். விலை குறைந்த வகைக்கு 165/80 ஆர்14, கூடின வகைக்கு 185/65 ஆர்15. உயரத்தில் இரண்டே மி.மீ. வித்தியாசம். 195/55 ஆர்16 போட்டாலும் 620.9-தான், மீட்டர் பிசகாது. ஆனால் விலா மெலிந்துவிடும். கண்டெய்னர் லாரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த எண்ணூர் சாலையில் தினம் போகிறவருக்கு அது அலாய் வளைகிற வேலை. அழகு கேட்டு வருகிறவரிடம் முதலில் எந்தச் சாலையில் ஓட்டுகிறார் என்று கேள்.

4. போல்ட் ஓட்டை பொருந்திவிட்டால் சக்கரம் பொருந்திவிட்டதாக ஆகாது. நடு ஓட்டை ஹப்பில் சரியாக உட்காரவேண்டும், டிஸ்க் உள்ளே வெளியே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்கவேண்டும். மாட்டியபின் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடி. பின்சீட்டில் கடைப் பையன்களை ஏற்றி ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கு. மட்கார்டு உள்ளே உரசல் கேட்டால் கழற்றிவிடு. உரசுகிற இடத்தைத் தேய்த்து இடம் பண்ணித்தருகிற கைகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. உன் கை அதில் சேரவேண்டாம்.

5. பைக் விஷயத்தில் ஒன்றுதான். பழைய ஸ்ப்ளெண்டர், புல்லட்டில் மீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருகிறது. பின்டயரைத் தடிப்பாக்கினால் முள் மாறாது, ஆனால் செயின் கவரில் உரசும்.

6. ஆட்டோ வந்தால் கூடுதல் கவனம். 2013 ஆகஸ்டில் அரசு வைத்த கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், பிறகு கி.மீ.க்கு 12. அந்த மீட்டரும் சக்கரச் சுற்றைத்தான் எண்ணுகிறது. சின்ன டயர் போட்டால் சவாரி செய்பவர் பணம் போகும், பெரிதாகப் போட்டால் ஓட்டுகிறவர் பணம். தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு அதற்கு முத்திரை வைப்பது சும்மா இல்லை. ‘கொஞ்சம் சின்னதா போடுண்ணே, யாருக்குத் தெரியப்போகுது’ என்று ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். அவர் பிறகு வரவில்லை; அவரோடு ஸ்டாண்டில் நின்ற மற்றவர்கள் வந்தார்கள்.

7. லாரியின் பின்பக்க ஜோடி டயரில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று மாட்டாதே. உயரமானது சுமை முழுவதையும் தாங்கிச் சூடேறும், குட்டையானது சாலையில் இழுபடும். டிரைவர் அவசரப்படுவார், துறைமுகத்தில் முறை போய்விடும் என்பார். அவசரம் அவருடையது, டேப் உன்னுடையது. அளந்துவிட்டு மாட்டு.

8. மழைக்காலம் வந்தால் சுரங்கப்பாதைத் தண்ணீரைச் சொல்லி உயரமான டயர் கேட்பார்கள். டயர் 26 மி.மீ. உயர்ந்தால் வண்டி உயர்வது அதில் பாதி, 13 மி.மீ. ஆளை முழுக்கடிக்கிற தண்ணீருக்கு அது எம்மாத்திரம்? விற்றால் லாபம்தான், ஆனாலும் சுற்றிப் போகச் சொல்.

9. பில்லில் பழைய அளவு, புது அளவு, முள் 80 காட்டினால் உண்மை வேகம் எவ்வளவு என்று மூன்றையும் எழுதிக்கொடு. பழைய டயரின் விலாவில் உள்ள எடை எண்ணையும் பார். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், அதற்குக் குறைந்ததைப் போடாதே. ஐம்பது கி.மீ. ஓட்டிவிட்டு வரச் சொல்லி நட்டுகளை மறுபடி முடுக்கு. அதற்குக் காசு வாங்காதே.