கருவுக்கு லேசர் தேவையா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டாம் முறை ஐ.வி.எஃப். செய்யப்போகிறார்கள். கருவுக்கு லேசர் வைக்கலாம், தனிக் கட்டணம் என்கிறார்கள். கரு கருகிவிடாதா அம்மா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் லேசரைக் கருவின் செல்கள் மீது பாய்ச்சுவதில்லை. கருவைச் சுற்றி ‘ஜோனா பெல்லூசிடா’ என்ற புரத உறை இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 15 மைக்ரான். ஐந்தாறு நாளில் கரு இந்த உறையைக் கிழித்து வெளிவந்தால்தான் கர்ப்பப்பையில் ஒட்ட முடியும். உறை கெட்டியாக இருந்தால் வெளிவரச் சிரமப்படலாம் என்பதால்தான் லேசர்.

மைக்ரோஸ்கோப் லென்ஸ் வழியாகவே அகச்சிவப்புக் கதிர் வருகிறது. உறைக்கும் செல்களுக்கும் நடுவே இடைவெளி உள்ள இடமாகத் திரையில் பார்த்துக் குறிவைப்பார்கள். மில்லிசெகண்ட் கணக்கில் ஒரு துடிப்பு. அந்த இடத்தில் மட்டும் உறை கரைந்து சிறு திறப்பு விழும். முன்பு இதற்கு அமிலம் பயன்படுத்தினார்கள். அதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் பலன்? எல்லோருக்கும் வழக்கமாக இதைச் செய்யப் பரிந்துரைக்க முடியாது என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-இல் சொல்லிவிட்டது. குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. இரட்டைக் கர்ப்பம் சற்றுக் கூடலாம் என்ற கவலையும் உண்டு. மரபணுச் சோதனைக்காகக் கருவிலிருந்து செல் எடுக்க லேசர் பயன்படுத்துவது வேறு விஷயம்; அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

எனவே, ‘என் மகளுக்கு இது ஏன் தேவை?’ என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். தெளிவான காரணம் சொல்லாவிட்டால், அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம்.