ஈ கட்டும் மேஜை: மருமானுக்கு ஒரு கடிதம்

குன்னூர்

  

இன்வர்னஸில் நீங்கள் குடிபுகுந்திருக்கும் வீட்டில் சிறிய அறையொன்று காலியாக இருக்கிறதென்றும், இறகும் ரோமமும் கொண்டு தூண்டில் முள்ளில் கட்டுகிற, மீன்பிடிக்கும் செயற்கை ஈக்களை நீயே கட்டிக்கொள்வதற்கு அதை ஒழுங்குசெய்ய உத்தேசித்திருக்கிறாயென்றும், முதற்காரியமாக முப்பது இழுப்பறைகள் கொண்ட அலமாரியொன்றுக்கு விலை பேசியிருக்கிறாயென்றும் எழுதியிருந்தாய். அவலாஞ்சி ஓடையில் என் பக்கத்தில் நின்று தூண்டில் வீசப் பழகிய பிள்ளை, சால்மன் ஏறிவருகிற நெஸ் நதிக்கரையிலேயே வாசம் செய்வதில் எனக்குள்ள சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆயினும் அந்த அலமாரிக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லையானால், தயவுசெய்து கொடுத்துவிடாதே.

காலி இழுப்பறை மனிதனைச் சும்மா இருக்கவிடாது. முப்பதையும் நிரப்பவேண்டுமென்ற அவசரத்தில், எந்த ஈக்கு எது வேண்டுமென்று அறியுமுன்பே மயிலிறகும் முயல் ரோமமும் ஜிகினா நூலும் வந்து குவிந்து, கட்டுகிற காரியம் பின்தங்கிப்போய், சேர்க்கிற காரியமே பிரதானமாகிவிடும். ஆகையால் முதலில் ஓர் ஈயைத் தேர்ந்துகொள். அதற்கு வேண்டியவை மட்டும் வீட்டுக்குள் வரட்டும். அது கைக்குப் படிந்த பிறகு அடுத்த ஈ தனக்கு வேண்டியவற்றை அழைத்துக்கொண்டு வரும். இங்கிலாந்தில் ஏவன் நதியின் காவலராக ஜீவித்த ஃபிராங்க் சாயர் (1906–1980), நீருக்கடியில் வாழும் இளம்பருவப் பூச்சியின் சாயலில் கட்டிய 'ஃபெஸன்ட் டெயில்' என்னும் ஈக்கு வேண்டியவை ஃபெஸன்ட் சேவலின் வாலிறகில் சில இழைகளும், செந்நிறமான மெல்லிய செப்புக் கம்பியுமே. நூல்கூடக் கிடையாது, கம்பியே கட்டவும் செய்கிறது, ஈயை மூழ்கடிக்கும் பாரமாகவும் ஆகிறது. உன் அறையின் முதல் சரக்கு இதுவாகவே இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம்.

இனி வெளிச்சம். உங்கள் ஊருக்கு வடகிழக்கே, பிரோராவுக்குச் சமீபத்திலுள்ள கின்ட்ராட்வெல் என்ற குக்கிராமத்தில் மெகன் பாய்ட் (1915–2001) என்ற அம்மாள், ஆயுளின் பெரும்பகுதியை மின்சாரமில்லாத வீட்டில் கழித்துக்கொண்டே, உலகமெங்குமுள்ள சால்மன் பிரியர்கள் காத்திருந்து வாங்கிப்போகிற ஈக்களைக் கட்டிவந்தாள். 1971இல் அவளுக்கு அரசாங்கப் பதக்கமும் கிடைத்தது.  பிற்காலத்தில் அவளுடைய கண்பார்வை குன்றிப்போயிற்று. டிசம்பர் மாதத்தில் மூன்றரை மணிக்கே சூரியன் அஸ்தமித்துவிடுகிற அந்தப் பிரதேசத்தில், ஜன்னலை மட்டும் நம்பி மேஜையைப் போடாதே. கழுத்தை வளைத்துத் திருப்பக்கூடிய விளக்கொன்றை உனக்கு எதிரே சற்று இடப்புறமாக வைத்து, பகல் வெளிச்சத்தைப் போன்ற வெண்ணிற ஒளி முள்ளின்மீது விழும்படியும் உன் கண்ணில் விழாதபடியும் அமைத்துக்கொள். மஞ்சள் விளக்கின் கீழ் கட்டிய ஈயின் நிறம் மறுநாள் நதிக்கரையில் வேறாயிருக்கும். அறை விளக்கும் எரிந்துகொண்டிருக்கவேண்டும். இருட்டின் நடுவே ஒரேயொரு பிரகாசமான புள்ளியை உற்றுநோக்கினால் கண் சீக்கிரம் அயர்ந்துபோகும். முள்ளுக்குப் பின்னால் பளபளப்பில்லாத வெளிர்சாம்பல் அட்டையொன்றை நிறுத்தினால், ஒவ்வோர் இழையும் தனித்தனியே தெரியும்.

மேஜை எதுவானாலும் சரி, ஆடக்கூடாது. முள்ளைக் கவ்விப்பிடிக்கும் வைஸ்களில், மேஜை விளிம்பில் திருகி இறுக்கும் ஜாதி ஒன்று, கனத்த அடித்தட்டின்மேல் தானாக நிற்கும் ஜாதி ஒன்று. வாடகை வீட்டு மேஜையில் திருகாணித் தழும்பு விழுந்தால் வீட்டுக்காரரோடு வீண் விவகாரம். உனக்குப் பின்னதே உசிதம். முழங்கைகள் இரண்டும் மேஜைமேல் சௌகரியமாகப் பதிந்திருக்கும்போது, கழுத்தைக் குனியாமலே முள் கண்ணுக்குத் தெரியுமாறு வைஸின் உயரத்தையும் நாற்காலியின் உயரத்தையும் சரிசெய்துகொள். கத்தரிக்கோலை ஒவ்வொரு தடவையும் கீழே வைத்துத் தேடாமல், மோதிரவிரலில் மாட்டியபடியே கட்டப் பழகு. மேஜைமேல் ஒரு சாமான் குறையும். கட்டிய முடிச்சின்மேல் தடவும் வார்னிஷ் சீசாவுக்கு மட்டும் ஸ்திரமான இடம் வேண்டும். ஒரு மரக்கட்டையில் அதன் அடிப்பாகம் கச்சிதமாக இறங்கும்படி பள்ளம் குடைந்து உட்காரவை. புறங்கை பட்டுக் கவிழ்ந்த சீசா ஒன்று, ஒரு மாலைப்பொழுதின் உழைப்பைச் சேர்த்து ஒட்டிவிடும்.

தரையைப்பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். அங்குள்ள வீடுகளில் அறை முழுவதும் கம்பளம் விரித்திருப்பார்கள். நாமோ எந்தத் தேசத்துக்குப் போனாலும் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிற ஜனங்கள். பதினாறாம் நம்பர் முள்—நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும் என்பது உனக்குத் தெரியும்—கம்பளத்தின் ரோமத்துக்குள் விழுந்துவிட்டால், அதை முதலில் கண்டுபிடிப்பது யாருடைய பாதமோ! ஆகவே மேஜைக்கும் நாற்காலிக்கும் அடியில் வழவழப்பான ரெக்ஸின் துணியொன்றை விரி. முட்களை அவற்றின் பொட்டலங்களிலேயே வைத்து, அன்றைக்கு வேண்டியவற்றை மட்டும் எண்ணி விளிம்புள்ள சிறு கிண்ணத்தில் இடு. எழுந்திருக்கும்போது கட்டிய ஈக்களையும் மிஞ்சிய முட்களையும் கூட்டிப்பார்த்தால் கணக்கு நேராகவேண்டும். நேராகாவிட்டால், நகை செய்யும் பத்தர் பட்டறைத் தூசியைச் சலிப்பதுபோல், காந்தமொன்றைக் கொண்டு துணி முழுவதும் துழாவியபிறகே படுக்கப்போ. முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டிய எதிர்முனையை, கட்டத் தொடங்குமுன்பே வைஸின் வாயில் வைத்து அமுக்கிவிடுவது எனக்குப் பழக்கம். தைத்தாலும் சுலபமாகக் கழன்றுவரும், விட்டுவிட விரும்பும் மீனுக்கும் அது உபகாரம்.

காட்டுக்கோழிச் சேவலின் கழுத்துத்தோல் ஒன்று அனுப்பும்படி கேட்டிருக்கிறாய். இந்தத் தேயிலைச் சரிவுகளில் விடியற்காலையில் அது கூவாத நாளில்லை. அதன் கழுத்திறகின் நடுத்தண்டு நுனியில் தட்டையான தகடாக விரிந்து, வெள்ளையும் பொன்மஞ்சளுமாக மின்னுகிற அழகைக் கண்டுதான் வெள்ளைக்காரர்கள் சால்மன் ஈக்களின் இருபுறமும் கண்ணாக வைத்துக் கட்டினார்கள். ஆனால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் நான் அனுப்பமாட்டேன். வளர்ப்புப் பறவைகளின் தோல் பிரிட்டனிலேயே நியாயமான வழியில் விற்பனைக்குக் கிடைக்கிறது. விலை அதிகம்தான், ஆகையால் கை திருந்துகிறவரை அது உனக்கு அநாவசியம். அபூர்வமான இறகின்மேல் வைக்கும் ஆசை எங்கே கொண்டுபோய் விடுமென்பதற்கு அந்தத் தேசத்திலேயே அத்தாட்சி உண்டு. 2009இல் இசை கற்கவந்த மாணவனொருவன், ட்ரிங் நகரத்து அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்துப் புகுந்து, 299 பறவைத் தோல்களை ஒரே இரவில் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனான். இயற்கை விஞ்ஞானி வாலஸ் காடுகளில் அலைந்து சேகரித்தவைகளும் அவற்றில் இருந்தன. அந்த இறகுகளெல்லாம் பழங்காலத்துச் சால்மன் ஈக்களைக் கட்டுவதற்கென்றே தேடப்படுகிறவை.

கடைசியாகப் பூச்சி. கடையில் வாங்கியதானாலும் நண்பர் கொடுத்ததானாலும், புதிதாக வரும் தோலையும் இறகையும் பழைய சரக்கோடு உடனே சேர்க்காதே. அந்தும் வண்டும் முட்டையாக அதற்குள் ஒளிந்திருந்து, சில மாதங்களில் மொத்தத்தையும் தூளாக்கிவிடும். காற்றுப்புகாத பையில் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து, இரண்டு நாள் வெளியே எடுத்துவைத்து, மறுபடியும் ஒரு வாரம் வை. பாச்சை உருண்டைகளைக் கண்ணாடிபோல் தெரியும் மலிவான பிளாஸ்டிக் டப்பாக்களில் போடாதே. அவற்றின் ஆவியில் சிலவகைப் பிளாஸ்டிக் இளகி, இறகோடு ஒட்டிக்கொள்ளும். ஃப்ரீசர் விஷயத்தில் உன் மனைவியின் சம்மதத்தை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நல்லது. முயல் முகத்தோல் ஒன்றைப் பட்டாணிப் பொட்டலத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு அதைச் சொல்லாமலிருந்தால் என்ன நடக்குமென்பதை உன் மாமியைக் கேட்டால் விவரமாகச் சொல்லுவாள்.

மேஜையின் நீள அகலத்தையும், ஜன்னல் எந்தத் திசையை நோக்கியிருக்கிறதென்பதையும் அடுத்த தபாலில் எழுது. முதலில் கட்டும் ஈக்களில் ஒன்றை, கோணலாயிருந்தாலும், அனுப்பிவை.

இப்படிக்கு,
உன் மாமா