வீட்டுச் சத்தத்துக்கு ஒரு சிக்கனக் கணக்கு

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி, ராயபுரத்தில் ரயில், அடுத்த தெருவில் காதுகுத்துப் பாட்டு என்று நம்ம பக்கம் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. காசை இறைக்கும் முன்னால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள் தோழிகளே, பாதி வேலை பழைய துணியிலேயே முடிந்துவிடும்.

1. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், காலி ரூமின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'டங்'கென்று இழுத்தால், டிவியில் பேசுவது புரியாமல் தினமும் வால்யூமை ஏற்ற வேண்டியிருக்கும்.

2. அந்த இழுப்பைக் கணக்கிட, ரூமின் நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கி 20-ஆல் வகுங்கள். அதை, சத்தத்தை உறிஞ்சும் பரப்பால் மறுபடி வகுத்தால் விநாடி கிடைக்கும். பத்துக்குப் பத்து ரூம், உயரமும் பத்தடி என்றால் முதல் விடை 50. சுவர், தரை, கூரை சேர்ந்து 600 சதுர அடி இருந்தும், சிமென்ட் பூச்சும் டைல்ஸும் உறிஞ்சுவது நூற்றுக்கு இரண்டுதான், அதாவது 12. ஆக, 4 விநாடிக்கு மேல் இழுக்கும்!

3. இனி குறைப்போம். மூன்றுக்கு ஏழு அடிக் கதவைத் திறந்தால் 21 சேர்ந்து 33, இழுப்பு ஒன்றரை விநாடி. கனமான பழைய போர்வைகளை மடிப்பு மடிப்பாக 40 சதுர அடிக்குத் தொங்கவிட்டால் அதில் பாதி, இன்னொரு 20 சேரும். ஒரு விநாடிக்குள் வந்துவிடும். ஹார்வர்டில் சபைன் என்ற பேராசிரியர் 1895-ல் தொடங்கி, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி அடுக்கித்தான் இந்தக் கணக்கைப் பிடித்தார். நம்மிடமும் பாய், தலையணை எல்லாம் இருக்கிறதே!

4. முட்டை ட்ரே ஒட்டினால் உள்ளே கொஞ்சம் எதிரொலி குறையும். லாரிச் சத்தம் நிற்காது. தெர்மாகோலில் அதுவும் இல்லை, தீப்பிடிக்கும் பயம்தான் மிச்சம்.

5. பக்கத்துச் சத்தத்தைத் தடுப்பது எடைதான். ஒட்டுக்குடித்தனத்தில் நடுவே வெறும் பலகைத் தடுப்பு என்றால், துணி நிறைந்த பீரோவை அதை ஒட்டி நிறுத்துங்கள்.

6. கதவுக்கு அடியில் முக்கால் அங்குல இடுக்கு என்றால், அது கதவில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு திறந்திருந்தால் தேக்குக் கதவே ஆனாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, மணல் நிரப்பித் தைத்து அங்கே போட்டுவிடுங்கள். ஜன்னல் சட்டத்துக்குப் பஞ்சரான சைக்கிள் டியூப் போதும்.

7. இடுக்குகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்துவிடுங்கள். 60 டெசிபலும் 60 டெசிபலும் சேர்ந்தால் 63தான். அதனால் ஒரே மாதிரி இரண்டு ஜன்னலில் ஒன்றை மூடினால் குறைவதும் வெறும் 3. காதுக்குப் பாதியாகத் தெரிய 10 குறைய வேண்டும். பாதியில் 'பலனில்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

8. மாடியில் விசேஷமா? இன்னொரு ஸ்பீக்கர் பாக்ஸுக்கு வாடகை கொடுத்தால் கூடுவது 3 டெசிபல். இருப்பதையே பாதித் தூரத்துக்கு நகர்த்தினால் 6. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு விதி. இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் கைக்குழந்தையும் எல்லாத் தெருவிலும் உண்டு.

9. திருவொற்றியூரில் எக்ஸ்பிரஸ் சாலை கடலோரமாகவே போகிறது. கடல்காற்று வீசும்போது லாரிச் சத்தமும் கூடவே வரும் என்பதால், போன் பேசுவதையும் பாடம் படிப்பதையும் மேற்குப் பக்க அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

10. தகர ஷீட்டில் மழை விழுந்தால் பேசவே முடியாது. மேலே தென்னங்கீற்று பரப்பி, காசிமேட்டுப் பக்கம் கிடைக்கும் பழைய வலையால் இழுத்துக் கட்டுங்கள். சத்தமும் குறையும், வெயிலும் குறையும், காற்றிலும் பறக்காது.

11. மிக்ஸிக்கு அடியில் நாலாய் மடித்த கோணி.

12. ஊஃபர் மூலையில் இருந்தால் சுவரே அதிரும். ஓரிரு அடி வெளியே நகர்த்துங்கள், கீழ்வீட்டுச் சண்டை மிச்சம்.

13. நம்ம ஊர் வெக்கையில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். மின்னலிலிருந்து இடி வரை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் வரும். கணக்கு என்னவானாலும், இடி காதில் விழுந்துவிட்டால் மொட்டை மாடித் துணியை எடுக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.