காது கேட்க இரண்டு கருவிகள்

திருவனந்தபுரத்தில் ஆக்குளம் என்று ஓர் இடம். அங்கே 'நிஷ்' என்ற நிறுவனம் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. காது கேளாதவர்களுக்குப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் படிப்பும் அங்கே உண்டு.

கைக்குழந்தைக்கும் காதைச் சோதிக்கலாம். குழந்தை தூங்கும்போது தலையில் சிறு கம்பிகளை ஒட்டுவார்கள். ஒலி மூளைக்குப் போகிறதா என்று கம்ப்யூட்டர் காட்டும்.

வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? குழந்தையின் பின்னால் நின்று தட்டைத் தட்டுகிறோம். திரும்பினால், காது கேட்கிறது என்கிறோம். நிழல் தெரிந்தாலும் குழந்தை திரும்பும். தரை அதிர்ந்தாலும் திரும்பும். "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்பார் பாட்டி. இப்படியே வருடம் ஓடிவிடும். பேச்சைக் கற்க ஏற்ற காலமோ முதல் சில வருடங்கள்தான்.

காதுக்குள்ளே நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் பெயர் காக்ளியா. அதற்குள் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் உள்ளன. அவைதான் ஒலியை நரம்புக்குக் கொடுக்கின்றன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

காது மெஷின் ஒலியைக் கூட்டித் தரும். மீதி இருக்கும் செல்கள் அதைக் கேட்கும். அறுவை சிகிச்சை தேவையில்லை. செலவும் குறைவு. காது மிகவும் மந்தமான பலருக்கும், சரியாகப் பொருத்திய மெஷினே போதும். அதனால் முதலில் சில மாதம் மெஷினைப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள்.

செல்கள் பெரும்பாலும் அழிந்திருந்தால்? எவ்வளவு சத்தம் கூட்டினாலும் பேச்சு புரியாது. அப்போதுதான் காக்ளியர் இம்ப்ளாண்ட். இதில் ஒரு பகுதியை அறுவை சிகிச்சை செய்து உள்ளே வைக்கிறார்கள். மெல்லிய கம்பி ஒன்று காக்ளியாவுக்குள் போகும். மறு பகுதி காதின் பின்னால், வெளியே இருக்கும். அது ஒலியை வாங்கி உள்ளே அனுப்பும். கம்பி நரம்பை நேராகத் தூண்டும். நரம்பே இல்லாதவருக்கு இது உதவாது.

இதற்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? கேரள அரசு 2012-இல் 'சுருதிதரங்கம்' திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்காக வந்த திட்டம் அது. தமிழ்நாட்டிலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை உண்டு.

அறுவை சிகிச்சை முடிந்த உடனே குழந்தை பேசிவிடாது. சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். முதலில் கேட்பது வெறும் ஒலி. அது அம்மாவின் குரல், இது நாய் குரைப்பது என்று பழக வேண்டும். பயிற்சி வருடக்கணக்கில் நடக்கும். பாதி வேலை வீட்டில்தான். சோறு ஊட்டும்போதும் துணி மடிக்கும்போதும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளிப் பகுதிக்கு பேட்டரி வேண்டும். வயர் அறுந்தால் மாற்ற வேண்டும். சில வருடத்தில் அந்தப் பகுதியையே மாற்ற வேண்டி வரலாம். இந்தச் செலவை யார் தருவார்கள் என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.