தீர்ப்பு வராமல் பணிநீக்கம்: பிரிட்டனின் குழந்தைப் பாதுகாப்பு வழக்குகள்

குழந்தைகளுக்குத் தீங்கு செய்திருக்கலாம் என்று ஐயுறப்படும் ஊழியரை, குற்றவியல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கும்வரை வேலையிலிருந்து நீக்க முடியாது என்பது பலருடைய நம்பிக்கை. பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் அவ்வாறு கூறவில்லை. குற்றவியல் நீதிமன்றம் ஐயத்திற்கு இடமற்ற நிரூபணத்தைக் கேட்கிறது. வேலை தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் தொழில் தீர்ப்பாயமோ, அச்சட்டத்தின் 98-ஆம் பிரிவின்படி, நிர்வாகம் காட்டிய காரணம் தக்கதுதானா, அதற்காக வேலையைப் பறித்தது நியாயமா என்று மட்டுமே பார்க்கிறது.

ஸ்காட்லாந்தில் ஓர் ஆசிரியரின் வீட்டுக் கணினியில் குழந்தைகளின் ஆபாசப் படங்களைக் காவல்துறை கண்டெடுத்தது. அவருடைய மகனும் பயன்படுத்திய கணினி அது; தாம் அவற்றைப் பதிவிறக்கவில்லை என்று ஆசிரியர் மறுத்தார்; அரசுத் தரப்பும் வழக்குத் தொடரவில்லை. பதிவிறக்கியவர் அவரே என்று பள்ளி நிர்வாகத்தால் சொல்ல இயலவில்லை, அவர் இல்லை என்று உறுதி கொள்ளவும் இயலவில்லை. அந்த நிலையிலேயே அவரை நீக்கியது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இது நியாயமற்றது என்றது. ஸ்காட்லாந்தின் உயர் உரிமையியல் நீதிமன்றம் 2021-இல் அதை மாற்றி, நாள்தோறும் குழந்தைகளோடு பழகும் பணியில் இத்தகைய ஆபத்தை ஏற்க நிர்வாகம் மறுத்தது நியாயமே என்று முடிவு செய்தது. அந்த ஆசிரியர் நிரபராதியாக இருந்திருந்தால் அவர் இழந்தது மிகப் பெரிது, அதை மறுப்பதற்கில்லை; எனினும் முடிவு மறுபக்கமாகத் தவறினால் அதன் விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் குழந்தைகள் என்பதால் இத்தீர்ப்பு சரியானதே.

இதைக் கொண்டு, ஒரு புகாரோ காவல்துறையின் எச்சரிக்கையோ வந்தாலே போதும் என்று கருதுவதும் பிழையாகும். ஊழியரின் நடத்தைக்கேடே காரணம் என்றால், தவறு நடந்ததாக நிர்வாகம் மெய்யாகவே நம்பியிருக்க வேண்டும், நம்புவதற்கு ஆதாரம் இருந்திருக்க வேண்டும், சூழ்நிலைக்குத் தக்க விசாரணையும் நடந்திருக்க வேண்டும் என்பது 1978-ஆம் ஆண்டின் பர்ச்செல் வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோல். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தொடர்பான 2012-ஆம் ஆண்டு வழக்கில், காவல்துறை தந்த தகவலின் பேரில் செய்யப்பட்ட பணிநீக்கத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது; ஆயினும் அத்தகைய தகவலை ஆராயாமல் அப்படியே விழுங்கிவிடக் கூடாது என்றும் நிர்வாகங்களுக்கு உணர்த்தியது.

ராஜினாமா செய்துவிட்டால் விவகாரம் அத்துடன் முடிந்துவிடும் என்பதும் உண்மையன்று. குழந்தைக்குத் தீங்கிழைத்தவர் அல்லது இழைக்கக்கூடியவர் என்று கருதி நீக்கியிருக்கக் கூடிய ஒருவர் தாமே விலகிச் சென்றாலும், அவரைப் பற்றி, பணியாளரின் பின்னணியைச் சரிபார்க்கும் அரசு அமைப்பிற்குத் தெரிவிக்கும் சட்டக் கடமை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிர்வாகத்திற்கு உண்டு.