உங்க ஊர்ப் பழம்பொருளுக்கு எந்த மென்பொருள்?

ஜேடர்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்க பள்ளித் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்துல ஓலைச்சுவடி, செப்புக்காசு, மரக்கால், உடைஞ்ச தாழின்னு 40 பொருள் சேர்ந்துடுச்சு. அருங்காட்சியகத்துல பதிவு பண்ற மாதிரி நாங்களும் பண்ண எந்த ஆப் நல்லது?”

பதிவு எவ்வளவு முக்கியம்னு முதல்ல பார்த்துடலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசர் சிலையை, ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990களில் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த புகைப்படம்தான் “இது எங்க சிலை” என்பதற்கு வலுவான சான்றானது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. படம் மட்டும் இல்லாமல் போயிருந்தால்? யோசிச்சுப் பாருங்க.

ஆனால் படமும் பெயரும் மட்டும் போதாது. பொருள் இப்போது எந்த நிலையில் இருக்கு, அதுக்கு யார், என்று, என்ன செய்தார்கள் என்பதும் வேண்டும். இதுதான் பாதுகாப்புப் பதிவு. செப்புக்காசில் வெளிர்பச்சையாகத் தூள் உதிர்கிறதா? குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும் ‘வெண்கல நோய்’ அது. (தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க!) தாழியின் உடைந்த சில்லை ஒட்டினீர்களா? பாரலாய்டு பி-72 என்ற பசையை அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம். கடையில் வாங்கும் எபாக்சி பசையை அப்படி எடுக்க முடியாது. எதைப் போட்டோம்னு எழுதி வைக்காவிட்டால், 20 வருஷம் கழிச்சு அதைச் சரிசெய்ய வருபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கணும்.

இப்போ மென்பொருளுக்கு வருவோம். மத்திய அரசின் தேசிய அருங்காட்சியகங்களுக்காக சி-டாக் நிறுவனத்தின் புனே மையம் உருவாக்கியது ‘ஜதன்’. அதில் ஏற்றிய பொருட்களை ‘மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா’ தளத்தில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஒரு பொருளைப் பற்றி என்னென்ன எழுதணும் என்பதற்கு அதுவே நல்ல பாடம். ‘கலெக்டிவ்ஆக்சஸ்’ இலவசம், திறந்த மூல மென்பொருள்; ஆனால் சர்வரில் நிறுவிப் பராமரிக்க விவரம் தெரிந்த ஆள் வேண்டும். 40 பொருளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்பது என் கருத்து. ஒழுங்காகப் போட்ட விரிதாள் போதும், அதாங்க எக்செல்.

எதை எடுத்தாலும் சிலதை முதலிலேயே சோதிச்சுப் பாருங்க. ஒரே பொருளுக்குத் தேதிவாரியாகப் பல பதிவு போட முடியணும். புதுசா எழுதும்போது பழசு அழிந்துபோனால் அந்தச் செயலி வேண்டாம். விரிதாளில் இதுக்கு வழி எளிது: பொருட்களுக்கு ஒரு தாள், பராமரிப்புக்கு இன்னொரு தாள், இரண்டையும் இணைக்கப் பொருளின் எண். மொத்தத் தரவையும் சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்க வழி இருக்கணும். நிறுவனம் கடையை மூடினாலும் உங்க பதிவு உங்க கையில இருக்கும்.

தமிழ் யூனிகோடில்தான் தட்டச்சு செய்யணும். பழைய எழுத்துருக்களில் அடித்த பட்டியல் வேறு கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும், தேடவும் வராது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீங்க, அளவு சுருங்கி நுணுக்கம் போய்விடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்க. பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்க. கீறல், விரிசல், ஒட்டு எல்லாவற்றையும் கிட்டத்தில் தனியாக எடுங்க, பிறகு அடையாளம் காட்டப்போவது அதுதான். எண்ணைப் பொருள்மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதாமல் நூலில் கட்டிய அட்டையில் எழுதுங்க. பொருளை எந்த அலமாரியில் வைத்திருக்கிறீர்கள் என்பதும் பதிவில் இருக்கட்டும். ஆனால் இணையத்தில் பொதுவில் போடாதீங்க.

அந்தத் தாழி வயலில் தோண்டும்போது கிடைத்ததா? அப்படியானால் பதிவுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கு. மண்ணில் புதைந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கணும் என்பது 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம். உங்களுக்கு நாமக்கல் ஆட்சியர். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் வழி காட்டுவார். காசில் பச்சைத் தூள் உதிர்ந்தால் அதைத் தனிப்பெட்டியில் ஈரமில்லாமல் வைத்துவிட்டு, படத்தோடு சேலம் அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரைக் கேளுங்க. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் பாதுகாப்புப் பிரிவு உள்ளது. அவர்களும் முதலில் கேட்கப்போவது, “இதுக்கு முன்னாடி இதுமேல என்ன போட்டீங்க?”