முதலில் தூரம், பிறகு மைக்

தொலைக்காட்சிக்கு ஒலிப்பதிவு செய்ய வரும் தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "பேசுறவர் வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம் வரப்போகுது?" அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் இறங்கும். சுற்றியுள்ள இரைச்சல் இறங்காது. கெயினைக் கூட்டினால் குரலோடு சேர்ந்து ஃபேன் சத்தமும் ஏறும். விலை உயர்ந்த மைக்கைத் தள்ளி வைப்பதைவிட, சாதாரண மைக்கைப் பக்கத்தில் வைப்பது மேல்.

தெருவில் கை மைக்

செய்தியாளர் கைக்கு டைனமிக் மைக்தான் சரி. ஃபாண்டம் பவர் எனும் 48 வோல்ட் வேண்டியதில்லை. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதிலும் எல்லாப் பக்கத்து ஒலியையும் ஒரே அளவில் வாங்கும் ஆம்னி வகையே என் தேர்வு. எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ50 அந்த வகைதான். தன் வாய்க்கும் எதிரில் இருப்பவர் வாய்க்கும் மைக்கை மாற்றி மாற்றி நீட்டும்போது கோணம் பிசகத்தான் செய்யும்; ஆம்னி அதைப் பொறுத்துக்கொள்ளும். மேடைகளில் நாம் அதிகம் பார்க்கும் ஷூர் எஸ்எம்58 கார்டியாய்ட் வகை. முன்பக்கம் நன்றாக வாங்கும். கோணம் தப்பினால் குரல் மெலிந்துவிடும். பறையும் வெடியும் முழங்கும் ஊர்வலத்தில் மட்டும் அதை எடுத்து, வாயருகே பிடிக்கச் சொல்வேன்.

செய்தியாளர் சந்திப்பில் மேசைமேல் சேனல் லோகோ மாட்டிய மைக்குகள் குவிந்து கிடக்கும். அங்கே கேமராவின் ஒரு ஒலிச் சேனலில் என் மைக், இன்னொன்றில் அரங்கத்து மிக்சரிலிருந்து வரும் லைன். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். லைனைச் செருகும் முன் கேமராவில் மைக்/லைன் சுவிட்ச் எதில் இருக்கிறது என்று பாருங்கள். மைக்கில் இருந்தால் குரல் கரகரவென உடைந்துதான் பதிவாகும்.

காலர் மைக்கின் நுணுக்கங்கள்

அதிக வேலை வாங்குவது காலர் மைக்தான். மோவாயிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் கீழே குத்துங்கள். விருந்தினர் எந்தப் பக்கம் திரும்பிப் பேசுவார் என்று பார்த்து அந்தப் பக்கமே வையுங்கள். நெறியாளர் இடப்புறம் அமர்ந்தால் மைக்கும் இடப்புறம். மூச்சுக்காற்று பட்டுப் படபடத்தால் மைக்கைத் தலைகீழாகத் திருப்பிக் குத்தலாம். பெரும்பாலான காலர் மைக்குகள் ஆம்னி என்பதால் குரலில் பெரிய வித்தியாசம் தெரியாது.

பட்டுப்புடவையும் கஞ்சி போட்ட பருத்தியும் உரசினால் சரசரக்கும். தாலிச் சங்கிலியும் ஆரமும் மைக்கில் மோதும். நகை தொடாத உயரத்தில் வைத்து, வயரைச் சின்ன வளையமாகச் சுற்றி டேப்பால் துணியின் உட்புறம் ஒட்டிவிடுவேன். வயரை இழுத்தாலும் மைக் அசையாது. பெண் விருந்தினர் என்றால் வயரை அவரே உள்ளே விட்டுக்கொள்ளட்டும், அல்லது பெண் உதவியாளர் செய்யட்டும். வேட்டி கட்டி வருபவரிடம் பெல்ட் உண்டா என்று முன்பே கேட்டுவிடுவேன். இல்லையென்றால் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரைத் தாங்க எலாஸ்டிக் பட்டை ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும்.

விவாத நிகழ்ச்சியில் இன்னொரு கணக்கு உண்டு. திறந்திருக்கும் மைக்குகள் இரண்டு மடங்கானால் அறை இரைச்சல் 3 டெசிபல் கூடும். ஆறு மைக்கையும் முழுக்கத் திறந்து வைத்தால் ஏசி சத்தம்தான் முன்னால் வரும். பேசாதவரின் மைக்கை இறக்கி வைப்பேன், அடியோடு மூடமாட்டேன். மூடினால், அவர் குறுக்கிடும்போது முதல் சொல் விழுங்கப்பட்டுவிடும். நம் விவாதங்களில் குறுக்கீடுதானே நிகழ்ச்சி!

கன் மைக் ஜூம் லென்ஸ் அல்ல

தூரத்துக் குரலைக் கன் மைக் அருகே இழுத்து வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது செய்வது ஒன்றே ஒன்று: பக்கவாட்டு ஒலியைக் குறைக்கும். சென்ஹைசர் எம்கேஎச் 416 வெளிப்புறத்தில் அருமையாக வேலை செய்யும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் எதிரொலி பக்கவாட்டில் புகுந்து குரல் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். அங்கே குட்டையான ஹைப்பர்கார்டியாய்ட் மைக்கே தேவலை. எதுவானாலும் கேமரா தலையில் மாட்டாமல், பூம் கம்பில் பிடித்து, ஃபிரேமுக்குச் சற்று மேலே கொண்டு வாருங்கள். மெரினாக் காற்றுக்கு ஸ்பாஞ்சு போதாது. ரோம உறை வேண்டும்.

வயர்லெஸும் காதும்

இந்தியாவில் 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை 5ஜிக்குப் போய்விட்டது. பழைய வயர்லெஸ் செட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குமுன் அது அந்த அலைவரிசையில் இயங்குவதா என்று பாருங்கள். போன இடத்தில் ரிசீவரை ஸ்கேன் செய்து காலியான அலைவரிசையை எடுங்கள். மனித உடம்பு அலையைத் தடுக்கும். ஆகவே ரிசீவர் ஆன்டெனாவுக்கு டிரான்ஸ்மிட்டர் நேரே தெரிய வேண்டும்.

வீட்டில் பேட்டி எடுத்தால் ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், ஃப்ரிட்ஜை மறுபடி போடாமல் யாரும் கிளம்ப முடியாது. உச்சக் குரல் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும்; பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த குரலை எடிட்டிங்கில் ஒழுங்காக மீட்க முடியாது. கடைசியில் எல்லோரையும் அரை நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட எடிட்டர் அதைத்தான் தேடுவார்.

கையில் காசு குறைவு என்றால் வாங்கும் வரிசை இது: காதை முழுக்க மூடும் ஹெட்போன், வயருள்ள காலர் மைக், ஆம்னி கை மைக், பிறகுதான் வயர்லெஸ். ஹெட்போன் ஏன் முதலில் என்றால், பேட்டி முடியும்வரை அதைக் கழற்றாமல் கேட்பவருக்குத்தான் மைக் இன்னும் எவ்வளவு பக்கத்தில் வர வேண்டும் என்பது தெரியும்.